நீல வாழைப்பழம்

மே 6, செவ்வாய்

கால் ஒடிந்தவனுக்கு வேறு வேலை ஏது என்று இந்த டைரியைக் கையில் எடுத்திருக்கிறேன். முதலாளி வருஷா வருஷம் தருவது. எப்போதும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவேன். போன வாரம் கடை வாசலிலேயே மொபெட் சறுக்கி வலது காலில் மாவுக்கட்டு. ஜூன் வரை ஜவுளிக்கடைப் பக்கமே வரக்கூடாதாம். பட்டுப் பிரிவில் நான் இல்லாமல் இந்த வைகாசி முகூர்த்தத்துக்கு என்ன கிழிக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

கோகிலா காலையில் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போனால் மூன்றரைக்குத்தான் வருவாள். நர்ஸ் வேலை. அதுவரை வீட்டில் நானும் மகள் ஆதிரையும். ஆதிரைக்கு எட்டு வயது. பேச்சு வரவில்லை. சிறப்புப் பள்ளியில் படிக்கிறாள், அங்கே இப்போது லீவு. மற்ற வருஷங்களில் லீவுக்கு என் கொழுந்தியா வந்து பார்த்துக்கொள்வாள். நான் வீட்டில் இருப்பதால் இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஆதிரைக்கு ஒரு ஃபைல் உண்டு. உள்ளே சோறு, தண்ணி பாட்டில், வாழைப்பழம், ஊஞ்சல், பாத்ரூம், அம்மா என்று அவளுடைய பொருட்களையே போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து வெல்க்ரோவால் ஒட்டி வைத்திருக்கிறாள் கோகிலா. எது வேண்டுமோ அந்தப் படத்தை ஆதிரை பிய்த்து நம் கையில் வைப்பாள். நாம் அதைக் கொடுக்க வேண்டும். அதுதான் அவள் பேச்சு.

இன்று என் கையில் அவள் எதையும் வைக்கவில்லை. வாசல் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கோகிலா செருப்பைக் கழற்றுவதற்குள் தண்ணி, சோறு, வாழைப்பழம் என்று வரிசையாக அவள் கையில் வைத்தாள். எல்லாமே எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

மே 8, வியாழன்

ராத்திரிச் சாப்பாட்டில் கோகிலா ரெஜினா மிஸ் பேச்சை எடுத்தாள். ஆதிரையின் வகுப்பு டீச்சர். லீவு விடுவதற்கு முன்னால் மிஸ் ஒன்று சொல்லியிருக்கிறார்: ஆதிரை படத்தைப் பார்ப்பதில்லை, நிறத்தைத்தான் பார்க்கிறாள். மஞ்சளாக இருந்தால் வாழைப்பழம், நீலமாக இருந்தால் தண்ணி. மஞ்சள் துடைப்புத் துணியின் படத்தைப் பக்கத்தில் வைத்தால் அதையும் வாழைப்பழம் என்றே எடுத்துக் கொடுக்கிறாளாம். பள்ளி திறந்ததும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பார்கள். அப்போதும் இப்படியே என்றால் மாடி வகுப்பிலிருந்து கீழே ஹாலுக்கு மாற்றிவிடுவார்கள்.

"கீழ என்ன சொல்லிக் குடுப்பாங்க?" என்றேன்.

"பாசி கோக்கறது, கை தட்டறது. பத்திரமாப் பாத்துக்குவாங்க. படமெல்லாம் கெடையாதுங்க. கீழ போன புள்ளைக மறுபடி மேல வந்து நாம் பாக்குலீங்க."

நிறம் தெரிவது லேசான காரியமா என்று கேட்டேன். கடைக்கு வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு ராமர் பச்சைக்கும் கிளிப் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. என் மகளுக்கு நிறம் தெரிகிறது என்றால் அது என் ரத்தம். கோகிலா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

இதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. மிஸ் படித்தவர், பார்த்துத்தான் சொல்லியிருப்பார். கீழே இருந்தால் படியேறும் கஷ்டமாவது மிச்சம்.

மே 9, வெள்ளி

ஃபைலைத் தூக்கித் தண்ணித் தொட்டிக்குள் போட்டுவிட்டாள். நான் நொண்டிக்கொண்டு போய் எடுப்பதற்குள் எல்லாம் முடிந்தது. ஓரங்களைக் கடித்துக் கடித்து லேமினேஷன் பிரிந்திருந்ததால் உள்ளே தண்ணி புகுந்து சோறும் ஊஞ்சலும் அம்மாவும் ஒரே கரைசலாக ஓடிவிட்டார்கள். ஃபைல் இல்லை என்றதும் தலையைச் சுவரில் முட்ட ஆரம்பித்தாள். கோகிலா வரும்வரை என் உள்ளங்கையைச் சுவருக்கும் அவள் நெற்றிக்கும் நடுவில் வைத்திருந்தேன்.

மே 10, சனி

எல்லாப் படத்தையும் திரும்பப் பிரிண்ட் போடவேண்டும். பிரிண்டரின் கலர் கேட்ரிட்ஜில் மை இல்லை. புதிதாக வாங்குகிற விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் பிரிண்டரே வாங்கிவிடலாம் என்பதால் கோகிலா எப்போதும் புட்டியில் மை வாங்கி ஊசியால் ஏற்றிவிடுவாள். இன்று அவளுக்கு டியூட்டி.

"மேல ஸ்டிக்கரப் பிச்சா மூணு ஓட்டை இருக்குமுங்க. ஒவ்வொண்ணுலயும் பல் குத்துற குச்சிய உட்டு, நுனியில என்ன கலர் ஒட்டுதுன்னு பாத்துட்டு அப்பறம் ஊத்துங்க," என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். நிறத்தைப் பற்றி என்னிடமே.

செல்போனில் ஒரு வீடியோ போட்டேன். கேட்ரிட்ஜ் உள்ளங்கையில் அடங்குகிற டப்பா. ஸ்டிக்கருக்குக் கீழே கடுகளவு ஓட்டைகள், உள்ளே பஞ்சு. வீடியோவில் அவன் ஊற்றிய வரிசையிலேயே நானும் ஊற்றினேன். ஊசியைச் செருகி அவசரப்படாமல் அழுத்தினால் பஞ்சு குடித்துக்கொண்டே இருக்கிறது. நிறைந்ததும் ஓட்டை வாயில் ஒரு பொட்டு மை எட்டிப் பார்க்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். துடைத்து, டேப் ஒட்டி, அடிப்பக்கத்தை வெந்நீரில் நனைத்த துணியில் ஒற்றி எடுத்தேன். மூன்று நிறமும் துணியில் கோடாகப் பதிந்தன.

வேலை முடிந்தபின்தான் ஒன்று உறைத்தது. புட்டிகள் மூன்றே மூன்று. நீலம், ஒரு மாதிரி ரோஸ், மஞ்சள். எங்கள் கடையின் மூன்று மாடியில் இருக்கிற மயில்கழுத்து, அரக்கு, வெங்காயச் சருகு, மாம்பழ மஞ்சள் எல்லாம் இந்த மூன்றுக்குள் இருக்கிறது. இத்தனை வருஷம் நிறத்தை விற்றவனுக்கு இது தெரியவில்லை. மாவுக்கட்டெல்லாம் கறையோடு ரொம்ப நேரம் அந்தப் புட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 11, ஞாயிறு

மானம் போயிற்று. வீடியோவில் இருந்தது வேறு கேட்ரிட்ஜ். எங்களுடையதில் ஓட்டை வரிசை வேறு. மஞ்சள் ஊற்றவேண்டிய இடத்தில் நீலம், நீலத்தின் இடத்தில் மஞ்சள். முதல் சில தாள்கள் கலங்கலாக வந்தன. அப்புறம் தெளிந்து வந்தது இன்னும் மோசம். வாழைப்பழம் ஆகாச நீலம். நீலத் தண்ணி பாட்டில் செக்கச்செவேல் என்று நிற்கிறது. தக்காளிச் சோறு கத்தரிக்காய் நிறம். கோகிலா முகம் இளம் ஊதா.

"குச்சிய உட்டுப் பாக்கச் சொன்னனல்லங்க," என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

கம்ப்யூட்டர் கடையில் கேட்டால் இந்த மாடலுக்குப் புது கேட்ரிட்ஜ் கோயமுத்தூரிலிருந்து வரவேண்டும், நாளாகும் என்கிறான். ஆதிரை நெற்றியில் வீக்கம். "படமே இல்லாம இருக்கறதுக்கு இது தேவலைங்க," என்று கோகிலா அந்தக் கோமாளிப் படங்களையே லேமினேட் செய்து ஒட்டினாள். நிறத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டிருந்த பிள்ளை. அதையும் நான் கெடுத்தாகிவிட்டது.

மே 12, திங்கள்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினோரு மணி இருக்கும். ஆதிரை ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனாள். அப்புறம் நீல வாழைப்பழத்தைப் பிய்த்தாள். வாசல் பக்கம் போய்ப் பார்த்தாள். அம்மா இல்லை. திரும்பி என்னிடம் வந்து என் கையில் வைத்தாள்.

ஏதோ கைக்குக் கிடைத்ததை எடுத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பழத்தையும் தண்ணி பாட்டிலையும் இரண்டு கையிலும் நீட்டினேன். பாட்டில் நீலம், அவள் கொடுத்த படமும் நீலம். அவள் பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழத்தை எடுத்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் சிவப்புப் பாட்டில் படம் வந்தது. கொடுத்தேன், குடித்தாள். அப்புறம் கத்தரிக்காய் நிறச் சோறு. ஒன்றுகூடத் தவறவில்லை.

நீல வாழைப்பழத்தை என்னால்கூட உடனே வாழைப்பழம் என்று சொல்ல முடியவில்லை. அவள் அந்த வளைவைப் பார்க்கிறாள், காம்பைப் பார்க்கிறாள். நாங்கள் எல்லோரும் தோலின் நிறத்தைத்தான் பார்க்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மே 13, செவ்வாய்

கோகிலா நம்பவில்லை. அவள் முன்னாலேயே நிரூபிக்கிறேன் என்று படங்களை அடுக்கி வைத்து "எடு அம்மிணி, எடு, அம்மாவுக்குக் காட்டு" என்றேன். ஆதிரை விசிறியைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

"பசிச்சாத்தானுங்க கேப்பா. நீங்க ஏலம் உடற மாதிரி நின்னுக்கிட்டுக் கூவுனா?" என்றாள் கோகிலா.

பிறகு சாயங்காலம் ஆதிரை தானாகவே வந்து நீல ஊஞ்சல் படத்தைக் கோகிலா கையில் வைத்தாள். எங்கள் மொட்டை மாடி ஊஞ்சல் சிவப்பு. கோகிலா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் மகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனவள் இருட்டியபிறகுதான் கீழே வந்தாள். கண் சிவந்திருந்தது.

மே 17, சனி

நெசவுத் துணியில் நூல் எண்ணுகிற பூதக்கண்ணாடி ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். இன்று அதை ஆதிரையின் ஊதாப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். அவளுக்கும் ஒன்று அடித்து வைத்திருந்தேன், ஃபைலில் அவள் படமும் இருக்கட்டும் என்று.

கண்ணாடிக்குள் முகமே இல்லை. புள்ளிகள்தான். ரோஸ் புள்ளி, நீலப் புள்ளி, நடுவில் வெள்ளைத் தாள். கன்னம் எங்கே முடிகிறது, மூக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியை எடுத்தால் என் மகள் சிரிக்கிறாள். வைத்தால் புள்ளி. பட்டுச் சேலையிலாவது நூல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். இந்தப் புள்ளிகள் ஒன்றையொன்று தொடக்கூட இல்லை. அவற்றைச் சேர்த்து முகமாக்குவது பார்க்கிறவனின் தலைக்குள் நடக்கிறது. என் தலைக்குள் நடக்கிறது என்றால், இந்த எட்டு வருஷமும் அவள் தலைக்குள்ளும் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஆதிரை கண்ணாடியைக் கேட்டுக் கை நீட்டினாள். கொடுத்தேன். நான் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தாள்.

மே 20, செவ்வாய்

இன்று சிரித்தாள். சிரிப்பு புதிதில்லை, அவளுக்குள் ஏதோ ஓடினால் தானாகச் சிரிப்பாள். இது வேறு.

நீலப் படத்தைக் கொடுத்தாள், நான் பழத்தைக் கொடுத்தேன். உரிக்கவில்லை. என் கையிலிருந்த படத்தைத் திரும்ப வாங்கி மேசைமேல் வைத்தாள். மஞ்சள் பழத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். ஒன்றைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள். நானும் சிரிக்கும்வரை கண்ணை எடுக்கவே இல்லை.

கோகிலாவிடம் சொன்னேன். "உங்களைத்தானுங்க கேலி பண்றா," என்றாள்.

அதாவது நிறம் தப்பு என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அப்பன் ஏதோ கோளாறு பண்ணிவிட்டான், போகட்டும் என்று பொறுத்துக்கொண்டு, சரியான பொருளைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். கடையில் இத்தனை பொறுமையான வாடிக்கைக்காரரை நான் பார்த்ததில்லை.

மே 22, வியாழன்

ஃபைலில் என் படம் இருந்ததில்லை. காலையில் போனால் ராத்திரி வருகிறவனுக்கு எதற்கு என்று கோகிலா வைக்கவில்லை போல. நேற்று ஒன்று அடித்து வைத்தேன். ஊதா முகம், பச்சை மாதிரி ஒரு மீசை.

இன்று அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். என்னையே என்னிடம் கேட்டால் எதைக் கொடுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் என் மாவுக்கட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேறொன்றும் கேட்கவில்லை.

மே 25, ஞாயிறு

கடையிலிருந்து போன். கூட்டம் தாங்கவில்லையாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே சேலை எடுத்துக் காட்டினால் போதும், ஆட்டோ அனுப்புகிறோம் என்றார்கள். டாக்டர் அசையக் கூடாது என்கிறார் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

மே 30, வெள்ளி

புது கேட்ரிட்ஜ் வந்துவிட்டது. கோகிலா ராத்திரியே சரியான நிறத்தில் எல்லாவற்றையும் அடித்துவிடலாம் என்றாள். நான் டப்பாவைப் பிரிக்க விடவில்லை.

"சரியான கலர்ல கொண்டுபோனா மிஸ் என்ன சொல்லுவாங்க? மஞ்சளப் பாத்து எடுத்தான்னுதான் மறுபடியும் எழுதுவாங்க. இதக் கொண்டுபோனாத்தான் அவ படத்தப் பாக்கறது தெரியும்," என்றேன்.

"அங்க போயி அவ ஒண்ணுமே எடுக்குலீன்னா? புது எடம், புது மேசை. அப்பறம் கலரும் தெரியாதுன்னு எழுதிக் கீழ அனுப்பிருவாங்க. புள்ளைய வெச்சுப் பந்தயம் கட்டாதீங்க."

அவள் சொல்வதும் நியாயம்தான். எனக்குக் கவலை இல்லை என்று மே மாத ஆரம்பத்தில் எங்கோ எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார்க்க விருப்பமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. கீழே ஹாலில் அவளை உட்கார வைத்துக் கையில் பாசியைக் கொடுத்துவிட்டால், அவள் தலைக்குள் ஓடுவது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

ஊதாப் படங்களையே எடுத்துப் போகிறோம். கடைசியில் கோகிலாவே சரி என்றாள். சாமி விளக்கு முன்னால் ஃபைலை வைத்துத் திருநீறு பூசினாள்.

ஜூன் 2, திங்கள்

மாடி வகுப்பு. கைத்தடியோடு ஒவ்வொரு படியாக ஏறினேன். ரெஜினா மிஸ் நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. "ஆதிரைப்பா, இப்பத்தான் உங்களப் பாக்குறேன்," என்றார். நான் ஃபைலைத் திறந்து காட்டினேன். மை ஊற்றியதில் நடந்த கூத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நீல வாழைப்பழத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடையில் நாங்களும் நிறத்தை அப்படித்தான் பார்ப்போம். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மேசைமேல் நிஜமான வாழைப்பழம் ஒன்று. பலகையில் எங்கள் நீலப் படமும் அவருடைய மஞ்சள் துணிப் படமும். ஆதிரை பழத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், நீலப் படத்தைப் பிய்த்து மிஸ் கையில் வைத்தாள். கோகிலா என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவைன்னா தற்செயல்னுதாங்க எழுத முடியும்," என்றார் மிஸ். இடம் மாற்றி வைத்தார். ஆதிரை வாய் நிறையப் பழம். பலகையைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணி பாட்டிலை வைத்து, சிவப்புப் பாட்டில் படத்தையும் நீலப் பந்துப் படத்தையும் வைத்தார். ஆதிரை விசிறியைப் பார்த்தாள். ஊஞ்சல் படத்தை வைத்தார். விசிறிதான். மிஸ் தாளில் ஏதோ எழுத ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எடு சாமி. வீட்டுல எடுப்பியல்ல, மிஸ்ஸுக்குக் காட்டு," என்றேன். கோகிலா "சும்மா இருங்க" என்று கிசுகிசுத்தாள். நான் இருக்கவில்லை. "இதப் பாரு, பாட்டில் எங்க? ஒரே ஒரு தடவை அம்மிணி," என்று படத்தைக் கொண்டுபோய் அவள் முகத்துக்கு நேராகவே நீட்டினேன். மிஸ் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

ஆதிரை எழுந்தாள். கட்டிலுக்கடியில் போவதுபோல மேசைக்கடியில் போகப் போகிறாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் ஃபைலிடம் போனாள். அதன் அட்டையில் நீளமாக ஒரு பட்டை உண்டு. பெரிய பிள்ளைகள் இரண்டு மூன்று படங்களை அதில் வரிசையாக ஒட்டிக் கேட்பார்கள். ஆதிரைக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு படத்துக்கே தகராறு, இதில் வரிசை எங்கே.

பக்கங்களைத் திருப்பி என் ஊதா முகத்தைப் பிய்த்துப் பட்டையில் ஒட்டினாள். மறுபடி திருப்பினாள். விரித்த உள்ளங்கை ஒன்று, 'போதும்' என்பதற்கான படம், அதைப் பிய்த்து என் முகத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். பட்டையோடு கழற்றி, மிஸ்ஸைத் தாண்டி, கோகிலாவைத் தாண்டி வந்து என் கையில் வைத்தாள்.

அப்பா. போதும்.

மிஸ் பேனாவை மூடிக் கீழே வைத்தார். "ரெண்டு படம் சேக்கறதுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தது?" என்றார். யாருமில்லை என்று கோகிலா தலையாட்டினாள். மிஸ் எழுதியிருந்த தாளை இரண்டாக மடித்தார். "அவதான் போதும்னு சொல்லிட்டாளே. நாளையிலிருந்து இங்கயே வரட்டும். மேலயே," என்றார்.

நான் அந்தப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் மகள் ஒரு வாக்கியம் பேசிக் கேட்கவேண்டும் என்று எட்டு வருஷம் காத்திருந்தவன் நான். முதல் வாக்கியத்திலேயே என்னை வாயை மூடச் சொல்லிவிட்டாள். மூடிக்கொண்டேன்.